மழைக்கோட்டு போட்ட கருவிக்கு ஒரு பாராட்டு விழா

நாற்காலி கொள்ளாமல் நிறைந்து வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, தீ வைப்பதையே திருப்பணியாகச் செய்துவரும் வனத்துறை அதிகாரி அவர்களே, 'தூய காற்று நகரம்' என்று பொறித்த கேடயத்தைத் துடைத்துத் துடைத்து மேசையில் வைத்திருக்கும் நகராட்சிப் பெருமக்களே, மூக்கை மூடியபடியே முகம் மலர்ந்திருக்கும் தாய்மார்களே, இருமலுக்கு நடுவே இடைவெளி கண்டு கைதட்டும் பெரியோர்களே, கடைத்தெரு மருந்துக்கடைக்காரனின் கனிவான வணக்கம்.

என்னை ஏன் அழைத்தார்கள்? பாராட்ட. பாராட்டத்தான் போகிறேன். பயப்படாதீர்கள் ஐயா, தண்ணீர் குடியுங்கள்.

காட்டில் காய்ந்த சருகைக் கணக்காக, காவலோடு நாமே எரித்துவிட்டால், கோடையில் பெருந்தீ வந்து ஊரை விழுங்காது. சரியான வேலை. அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் தீ சொன்ன இடத்தில் நிற்கும், புகை நிற்குமா? காற்றோடு கைகோத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடும். அதைக் கண்காணிக்கத்தான் நகராட்சி மாடியில் ஒரு கருவி, வாசலில் ஒரு பலகை. பலகை பச்சை காட்டினால் பிள்ளைகள் விளையாடலாம், சிவப்பு காட்டினால் சன்னலைச் சாத்த வேண்டும்.

இந்த ஆண்டு ஒன்பது முறை தீ வைத்தார்கள். ஒன்பது நாளும் பச்சை. எதிரே நின்ற மரம் தெரியவில்லை, பலகை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதற்குத்தான் இந்தக் கேடயம்.

என் கடையிலும் ஒரு கருவி உண்டு, சுவரில் மாட்டிய நாட்காட்டி. ஓர் இன்ஹேலர் விற்றால் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு. மற்ற நாளில் இரண்டு கோடு. தீ வைத்த நாளில் இருபது. இடம் போதாமல் மறுநாள் கட்டத்தைக் கடன் வாங்கினேன்.

என்ன தம்பி, வியாபாரம் நல்லா நடந்துச்சா என்கிறீர்களா? நடந்தது. ஒன்பதாவது தீயன்று போட்ட இருபதாவது கோடு என் மகளுக்கு.

ஒன்பது வயது. அன்று காலை கேட்டாள்: "அப்பா, பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம். ஓடட்டுமா?" பலகையைப் பார்த்தேன். பச்சை. "ஓடு கண்ணு" என்றேன். நான்தான் சொன்னேன். மதியம் ஆசிரியை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உதடு நீலம். பேச்சு இல்லை. கடை நிறைய மருந்து வைத்திருக்கிறேன், ஒரு டப்பாவின் மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று எனக்கு மறந்துபோயிற்று. அந்தப் பயம் என் எதிரிக்கும் வேண்டாம்.

அவள் தேறியதும், அன்று மாலையே நகராட்சி மாடிக்கு ஏறினேன். கருவியைக் காப்பவன் யார்? என் மனைவியின் தம்பி. ஊர் வைத்த பெயர் 'மீட்டர்'. கருவிக்கு மழைக்கோட்டு மாட்டி, கழுத்தில் கயிறும் கட்டியிருந்தான்.

"என்னடா மச்சான் இது?"

"தீ வைக்கிற அன்னைக்கு மட்டும் மூடிடுவேன் மாமா. புகை போனா வடிகட்டி கறுத்துடும். புதுசு கேட்டா மேல திட்டுறாங்க."

"அப்ப எதைத்தான் அளக்குது?"

"கோட்டுக்குள்ள இருக்கிற காத்தை. அது சுத்தமாத்தான் இருக்கு மாமா."

பொய் சொன்னானா? இல்லை. கருவியின் நுரையீரல் கறுக்கக் கூடாது. நம் நுரையீரல் கறுக்கலாம். அதற்கு மாற்று கேட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டியதில்லை பாருங்கள். ஒன்பது அறிக்கையிலும் கையெழுத்துப் போட்ட கனவான்களில் ஒருவராவது சன்னலைத் திறந்தாரா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், கேட்டிருக்கிறோம். முழுக் காட்டுப் புகையை மழைக்கோட்டில் மறைத்த பெருமை நமக்கே உரியது.

தீ வையுங்கள். ஆனால் முதல் நாளே சொல்லுங்கள். காற்று பள்ளிப் பக்கம் அடித்தால் தள்ளிவையுங்கள். கருவியைத் திறந்து வையுங்கள். கேடயத்தைத் திருப்பி அனுப்புங்கள். மேசை காலியாக இருக்குமே என்று தலைவர் வருந்த வேண்டாம், இதோ அந்த மழைக்கோட்டு. நினைவுப் பரிசாக வைத்துக்கொள்ளலாம்.

ஆம், கழற்றிவிட்டோம். இன்று பத்தாவது தீ. விடிந்ததும் நானும் மச்சானும் மாடிக்குப் போய் அவிழ்த்தோம், அவன் கைதான் முடிச்சை அவிழ்த்தது. கீழே வந்தபோது மகள் வாசலில் நின்றாள். "அப்பா, இன்னிக்கு ஓடட்டுமா?" பலகையைப் பார்த்தேன். சிவப்பு.

"வேண்டாம் கண்ணு" என்றேன். கோபத்தில் உதட்டைப் பிதுக்கினாள். அந்த உதடு நீலமாக இல்லை.

இவ்வளவு நேரம் இருமலை அடக்கிக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வீட்டுக்குப் போனதும் சன்னலைச் சாத்துங்கள். வணக்கம்.