பறக்கிற தேனீக்கும் எடை உண்டு

எசென்: …நீ அந்தப் பக்கம் நின்னு பெட்டியைத் தட்டு, ஜானில். நான் இந்தப் பக்கம் தட்டுறேன்.

ஜானில்: எதுக்கு?

எசென்: தேனீயெல்லாம் மிரண்டு பறக்கும். பறந்தா லாரியோட எடை குறையும். குறைஞ்ச உடனே நான் வண்டியை எடுத்து…

ஜானில்: அண்ணே, பெட்டி வாசல் பூராவும் வலை அடிச்சிருக்கு. பறந்து எங்க போகும்?

எசென்: எங்கயும் போக வேணாம். உள்ளயே பறக்கட்டும். பறக்குறப்ப பலகையில கால் வைக்குதா? இல்லையில்ல? கால் வைக்கலைன்னா கனம் எப்படி இறங்கும்?

ஜானில்: கடவுளே.

காவல்காரர்: தம்பி, அது பறந்தாலும் சரி, படுத்தாலும் சரி. இந்தப் பாலம் அஞ்சு டன். அதுக்கு மேல ஒரு கிலோகூட நான் விடமாட்டேன்.

எசென்: போன வாரம் இதே பாலத்துல நிலக்கரி லாரி போச்சே ஐயா. நானே பார்த்தேன்.

காவல்காரர்: அது போனதாலதான் இந்த வாரம் விடல. எடைமேடையில எவ்வளவு சொன்னான்?

எசென்: அஞ்சே கால். ஆனா அது காலைல. குளிருக்கு எல்லாம் ஒடுங்கி உக்காந்திருந்துச்சு. அதான் முழுக்கனமும் காட்டிருச்சு.

ஜானில்: உக்காந்தா ஒரு எடை, பறந்தா ஒரு எடையா?

எசென்: பின்ன?

ஜானில்: ஏரியிலேருந்து வாளியில உசிரோட மீன் தூக்கிட்டு வருவியே. மீன் நீந்திக்கிட்டேதானே இருக்கும். அடியைத் தொடுதா?

எசென்: தொடாது.

ஜானில்: அப்ப மீனோட கனம் கைக்குத் தெரியலையா?

எசென்: தோளே இத்துப் போகும். ஆனா அது தண்ணி. தண்ணி கனம். காத்து கனமா?

ஜானில்: தேனீ என்ன நூல் கட்டியா தொங்குது? சிறகால காத்தைக் கீழ அடிச்சு அடிச்சுத்தான் மேல நிக்குது. அந்தக் காத்து போய்ப் பலகையை அழுத்துது. மூடின பெட்டிக்குள்ள தேனீ எவ்வளவு கனமோ, அவ்வளவும் பலகை மேலதான்.

எசென்: காத்து அழுத்தி லாரி கனக்குதாம். இதுக்கா பிஷ்கெக் காலேஜ்ல போய் அத்தனை வருஷம் உக்காந்திருந்தே?

ஜானில்: போன கோடையில நம்ம கூடாரத்துக் கூரையைப் பிய்ச்சு ஆத்துல போட்டுச்சே… அது காத்தா, உன் குதிரையா?

எசென்: சரி, அதை விடு. உசரத்துல எடை குறையும்னு நீதான் சொன்னே. எடைமேடை கீழ இருக்கு. நாம மலை ஏறி வந்திருக்கோம்.

ஜானில்: குறையும். இவ்வளவு ஏத்தத்துக்கும் சேத்து, பிறந்த ஆட்டுக்குட்டி ஒண்ணு லாரியிலேருந்து இறங்கிப் போன மாதிரி.

எசென்: ஒரு குட்டி குறைஞ்சுதில்ல? ஐயா, அதைக் கழிச்சுக்குங்க.

காவல்காரர்: கழிச்சாச்சு. இன்னும் பெரிய மந்தையே இறங்கணும்.

ஜானில்: அண்ணே, விளையாடாதே. திங்கக்கிழமை காலைல நான் நாரின் பள்ளிக்கூடத்துல வகுப்புல நிக்கணும். நிக்கலைன்னா அந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பூக்காட்டுல பெட்டியை இறக்க ஒரு கை குடு, இறக்கினதும் பஸ் ஏத்தி விடுறேன்னு நீ சொன்னதை நம்பித்தான் வந்தேன்.

எசென்: ஏத்தி விடுறேன்னுதானே சொன்னேன். இப்ப வேகமா ஒரே மிதி மிதிச்சா, பாலத்துக்குக் கனம் தெரியுறதுக்குள்ள அந்தக் கரை.

ஜானில்: பாலம் என்ன தூங்குதா, எழுந்திரிக்க நேரம் ஆக? வேகமா போனா பலகை பள்ளத்துல லாரி குதிக்கும். குதிச்சா இன்னும் மோசமா இடிக்கும். உனக்கு யார் அண்ணே லைசென்ஸ் குடுத்தாங்க?

எசென்: அப்ப என்னதான் பண்ணச் சொல்றே, டீச்சரம்மா?

ஜானில்: பாதிப் பெட்டியை இங்க இறக்கு. மீதியோட போ. திரும்பி வந்து இதை எடுத்துக்கோ. முடிஞ்சுது.

எசென்: ஐயோ, அது ஆகாது. பெட்டியை அசைச்சா ராணி செத்துரும்.

ஜானில்: இப்பத்தானே தட்டச் சொன்னே.

எசென்: …தட்டுறது வேற. இறக்குறது வேற.

ஜானில்: எப்படி வேற?

எசென்: வெயில் ஏறுது, விடேன். கொட்டிச்சுன்னா…

ஜானில்: நான் இறக்குறேன். எனக்கே கொட்டட்டும். அந்த உள்வரிசையிலேருந்து…

எசென்: உள்வரிசையைத் தொடாதே.

ஜானில்: ஏன்?

எசென்: …கோபக்கார ஈ.

ஜானில்: சரி, கணக்காவது போடலாமா? வெறும் லாரி எவ்வளவு?

எசென்: மூணு டன்.

ஜானில்: பெட்டி எல்லாம் சேத்து?

எசென்: ரெண்டு.

ஜானில்: தேன், ஈ, மெழுகு எல்லாத்தோடயும்?

எசென்: ஆமாங்கிறேன்.

ஜானில்: அப்ப அஞ்சு. அந்தக் கால் டன் எங்கேருந்து வந்துச்சு?

எசென்: நீ, நான்.

ஜானில்: நாம கீழ இறங்கி நின்னுதான் எடை போட்டோம்.

எசென்: பயந்தா ஈக்கு எடை கூடும்.

ஜானில்: அண்ணே…

எசென்: கூடுமாம். கேள்விப்பட்டிருக்கேன்.

ஜானில்: உக்காந்தா கூடும், பறந்தா குறையும், பயந்தா கூடும். நல்ல ஈ. நேத்து நான் ஏத்த வர்றேன்னு சொன்னதுக்கு, நீ போய்த் தூங்குன்னு அப்பா ஏன் விரட்டுனாரு?

எசென்: நீ களைச்சிருப்பேன்னு…

ஜானில்: தேன்பெட்டி இறக்கப் போறவளுக்கு அம்மா ஏன் பட்டுச் சட்டை எடுத்துக் குடுத்தாங்க?

எசென்: அழகா இருக்கில்ல.

ஜானில்: உள்வரிசைக்குப் பின்னாடி என்ன இருக்கு? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

எசென்: …தையல் மெஷின்.

ஜானில்: தையல் மெஷின் கால் டன்னா?

எசென்: பெரிய கொப்பரை. கம்பளம், மெத்தை. பெட்டகம் ரெண்டு. அம்மாவோடது ஒண்ணு, புதுசு ஒண்ணு.

ஜானில்: யாருக்குச் சீர்?

எசென்: அந்தக் கரையில சாத்தார் வீட்டுல ஆடு அறுத்துட்டுக் காத்திருக்காங்க. பையன் நல்லவன்டி. குடிக்க மாட்டான்.

ஜானில்: வேணாம்னு சொன்னேன். போன மாசம், உன் முன்னாடி, அப்பா முன்னாடி. ரெண்டு பேரும் ரொட்டியைப் பிட்டுக்கிட்டே தலையாட்டினீங்க.

எசென்: அந்தக் கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா போதும், பொம்பளைங்க உன் தலையில கல்யாணப் பொண்ணுக்குப் போடுற வெள்ளைத் துணியைப் போட்டுட்டாங்கன்னா நீயே சமாதானம் ஆயிடுவேன்னு அப்பா சொன்னாரு. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன பண்ண?

ஜானில்: ஈ தரையைத் தொடலைன்னா லாரிக்குக் கனமில்லை. என்கிட்ட சொல்லலைன்னா எனக்குக் கனமில்லை. ஒரே பௌதிகம்தான் உங்க ரெண்டு பேருக்கும்.

எசென்: திட்டு. நல்லாத் திட்டு. ஆனா இப்ப என்ன பண்றதுன்னு சொல்லு. திரும்பிப் போனா அப்பா தோலை உரிப்பாரு. முன்னாடி போனா பாலம் தாங்காது.

ஜானில்: பாலம் எட்டு டன் தாங்கும், அண்ணே. ராத்திரி நீங்க மெத்தை ஏத்துனதை ஜன்னல் வழியா பார்த்துட்டு, இந்த ஐயாவோட பொண்ணுக்குப் போன் பண்ணினேன். விடுதியில நாங்க ஒரே அறை. அஞ்சுன்னு சொல்லச் சொன்னது நான்தான். தனியா கிளம்பியிருந்தா ஊர் முனையிலயே அப்பா மறிச்சிருப்பாரு, நீயே கொண்டுவந்து விட்டுட்டே. …நாரின் பஸ் இந்தக் கரையிலதான் நிக்கும். அதோ வருது, கையைக் காட்டு.