படுதா மறைத்த மைதானம்

– ஒன்பது படத்தையும் புரட்டியாச்சு, ஐயம்பெருமாள் அண்ணாச்சி. ஒண்ணுலகூட நம்ம மைதானத்தக் காணோம்.

– நல்லாப் பாரும் வே, இஸ்ரவேல் வாத்தியாரே. பள்ளிக்கூடத்துல பிள்ளைக நோட்டுல தப்பு கண்டுபிடிப்பீருல்லா? அந்தக் கண்ணால பாரும்.

– அந்தக் கண்ணாலதான் பாக்கேன். தொள்ளாயிரத்து நாலு, நாம பந்தாட்டக் கிளப்பு ஆரம்பிச்ச வருசம். மாடிப்படி, தூணு, குளத்துல ரெண்டு அன்னம். வண்ணார்பேட்டை ஆத்தங்கரையில ஏது அண்ணாச்சி அன்னம்?

– அது அகமது மீரானோட சித்திரம் எழுதின படுதால்லா! படம் புடிக்க வாரப்ப ரெட்டை மாட்டு வண்டில ஏத்திட்டு வந்தான். நாப்பது அடி நீளம்.

– பத்து அடி.

– பாக்கதுக்கு நாப்பது. பின்ன என்ன வே, எருமைச் சாணியும் ஆவாரஞ்செடியுமாக் கெடந்த பொட்டலையா படம் புடிப்பாக? நான்தான், அது ஒரு பொட்டுத் தெரியப்படாது, மறைலேன்னு சொன்னேன். சீமையில மவராசா கண்ணுல பட்டா நம்ம கிளப்பப் பத்தி என்ன நினைப்பாரு?

– மவராசாவுக்கு வேற சோலி இருந்திருக்கு. அடுத்த வருசம் அருவி, மான்குட்டி. அதுக்கடுத்த வருசம் மறுபடியும் மாடிப்படி. நாம பதினோரு பேரும் கோட்டும் தலப்பாவுமா, பொண்ணு பாக்கப் போற கூட்டம் மாதிரி நிக்கோம். பந்தாவது தெரியுதான்னு பாத்தா, அத நாற்காலியில உக்கார வச்சு, சந்தனம் பூசி, மாலை போட்டிருக்கு. தாசில்தாரு பாத்தா பூசணிக்காயிம்பாரு.

– மாலை போட்டதும் நான்தான்.

– கோல் கம்பு ரெண்டாவது தெரியப்படாதா?

– படுதாவக் கட்டினதே கோல் கம்புலதான, வே!

– நல்லாருக்கு. பத்து மணிக்குத் தாசில்தாரு வாராரு. செங்கச் சூளை அப்பாத்துரை, ‘அது சும்மா கெடக்க பொறம்போக்கு, அங்கன ஒருத்தரும் பந்து விளையாடினதில்ல, சூளை போட எனக்குக் குடுங்க’ன்னு மனு எழுதியிருக்காரு. விளையாடினதுக்கு அத்தாட்சி காட்டலேன்னா இன்னைக்கே அளந்து கல்லு நட்டிருவாக. முப்பது வருசம் ஜில்லாக் கச்சேரியில குமாஸ்தாவா இருந்து பென்சன் வாங்குதீக, கிளப்புக்குன்னு ஒரு காயிதம் எழுதி வைக்கப்படாதா?

– ஜில்லாவுல உள்ள அம்புட்டு நெலத்துக்கும் காயிதம் எழுதினவன் நான். நம்ம நெலத்துக்குத் தோணல. புத்தி அம்புட்டுத்தான்னு வச்சுக்கிடும்.

– ஊர்ச் சனத்தச் சாட்சிக்குக் கூப்பிடுவமா?

– நம்ம ஆட்டத்தப் பாத்தவன் எவனாவது அதப் பந்தாட்டம்னு சத்தியம் பண்ணுவானா? பன்னெண்டு வருசத்துல நாம ஜெயிச்சது ஒரே ஒரு ஆட்டம், வே.

– அது நீங்க போட்ட கோலு.

– ஆமா. தொள்ளாயிரத்து எட்டுல, தூத்துக்குடிக்காரனுக்கு எதிரா. பனமர உசரம் எம்பினேன் பாரும், தலையால ஒரு முட்டு...

– எங்க பாக்க? ஆடிக்காத்து புழுதிய வாரி அடிச்சுது, அவங்களும் நாங்களும் கண்ணப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சுட்டோம். நிமுந்து பாத்தா ஆட்டம் நடக்குதேன்னு ஓரத்துல மாத்திக் கட்டின படுதாவக் காணோம், பந்து கோலுக்குள்ள கெடக்கு, நீங்க நெத்தியத் தடவிக்கிட்டு நிக்கீக.

– பத்தாவதா ஒரு படம் இருக்கு, வே.

– எங்க?

– எம் பொண்டாட்டி ஆவுடைத்தா சேலப் பொட்டிக்கு அடியில. எட்டு வருசமாக் கெடக்கு. அன்னைக்கு மீரான் ஒருத்தன்தான் காமிராக் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டிருந்தான், அவன் கண்ணுல மண்ணு விழல. பயத்துல, படம் விழுகதுக்கு அமுக்குத ரப்பர் உருண்டைய அமுக்கிட்டான். காமிராவுக்கும் கோலுக்கும் நடுவுல நின்ன படுதாதான் பறந்துட்டே! கோல் கம்பு ரெண்டும், பின்னால ஆறும், சுலோசன முதலியார் பாலமும் அப்பிடியே விழுந்திருக்கு. கீழ தேதி வேற.

– அட, எடுத்துட்டு வாங்க! இதுக்கு மேல என்ன அத்தாட்சி?

– அதுல நானும் இருக்கேன்.

– இருந்தா?

– பந்த ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டு, பலாப்பழம் களவாண்டவன் மாதிரி கோலுக்குள்ள ஓடுதேன்.

– ஆண்டவரே!

– முட்டவுமில்ல, எம்பவுமில்ல. நாப்பது வயசுக்கு மேல எம்பினா என் தொந்திதான் எம்பும், நான் தரையிலதான் இருப்பேன். நெத்தி வீங்கினது கம்புல மோதி. ‘தலைக்கோல் ஐயம்பெருமாள்’னு வெள்ளியில பதக்கம் அடிச்சுக் குடுத்தீகளே, நேத்துக்கூடப் புளி போட்டு விளக்கினேன். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன எடத்துல நெலபுலத்தச் சொல்லாம அந்தக் கோலச் சொன்னவன் நான். வேற எதச் சொல்ல? முப்பது வருசம் அடுத்தவன் எழுதினத நகல் எடுத்தேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், வே.

– ஒங்க இஷ்டம், அண்ணாச்சி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

– மணி என்ன?

– ஒன்பதரை.

– நாம ஓடி விழுந்த எடத்துல சூளை புகையும். இந்தப் பதக்கத்தக் குத்திக்கிட்டு நான் எங்கன போயி நிக்க? பொறும், உள்ள போயி எடுத்துட்டு வாரேன்... இந்தாரும். ‘பந்தத் தூக்கிட்டு ஓடுத இந்தக் களவாணி யாரு’ன்னு தாசில்தாரு கேட்டா, நானே முன்னால வந்து கையத் தூக்குதேன். அப்பாத்துரை சிரிக்கட்டும், ஊரே சிரிக்கட்டும். பிடியும்.

– குடுங்க. பைய நடங்க, நேரமிருக்கு.

– என்ன வே, துணிச் சுத்தக்கூட அவுக்காம கக்கத்துல இடுக்கிக்கிட்டீரு? எட்டு வருசத்து ரகசியம், ஒரு தடவ பாக்கமாட்டீரா?

– மீரான் அந்த வாரமே எங்க பத்து பேருக்கும் இதே படத்த ஆளுக்கொண்ணு குடுத்துட்டான், அண்ணாச்சி. நீங்களா எடுத்துத் தரலேன்னா மைதானம் போனாப் போகட்டும்னு நேத்துத்தான் கூடிப் பேசி முடிச்சோம்.