அரை கேமரா

“சாம்சன் ஸ்டூடியோவா? அவங்கிட்ட கீறது அரை கேமராடா”ன்னு சொல்றாம்மா ஒருத்தன்! ஜெராக்ஸ் கடை வாசல்ல. நான் உள்ள ஆதார் காப்பி எடுத்துகினு நிக்கறேன். அவன் யாருன்னு எனக்குத் தெரியாது, நான் சாம்சன் பொண்டாட்டி விக்டோரியான்னு அவனுக்கும் தெரியாது. கையில டீ கிளாசு, வாயில எங்க கேமரா. அரை டிக்கெட்டு கேள்விப்பட்டுகீறேன். அரை நாள் லீவு கேள்விப்பட்டுகீறேன். அது இன்னாம்மா அரை கேமரா?

உக்காரு கண்ணு, அந்த ஸ்டூல்ல உக்காரு. ஐடி கார்டுக்குத்தான? சிப்காட்ல சேந்துகீறியா? எந்தக் கம்பெனி... சரி, எதுவோ ஒண்ணு. தலைய நேரா வை. தாவாங்கட்டைய தூக்காத. ஆங், அப்டியே இரு.

இத்தப் பாரு, இதான் அந்த அரை கேமரா. எங்கனா அரையா கீதா? மூளியா கீதா? உள்ள படம் உழுவற தகடு ஒண்ணு கீது, சென்சாருன்னு சொல்லுவாங்க. இதுல அது கொஞ்சம் சின்னது. அதுக்குப் பேரு கிராப் சென்சாரு. அதையே பெருசா வெச்சா ஃபுல் ஃபிரேமு. அவ்ளோதாம்மா சமாச்சாரம்! சின்னத் தட்டுல போட்டாலும் பெரிய தட்டுல போட்டாலும் பிரியாணி பிரியாணிதான?

ஆனா கோவிந்தம்மாக்காவுக்கு மட்டும் பெரிய தட்டு வேணுமாம். பழவேற்காட்டு ஆளுங்க, மீன் யாவாரம். இப்ப இங்க கும்மிடிப்பூண்டியிலயே மாடி ஊடு கட்டிகினு வந்துட்டாங்க. மூத்த பொண்ணு கல்யாணத்த நாங்கதான் எடுத்தோம். இப்ப சின்னப் பொண்ணு பிரேமாவுக்கு வர்ற மாசம். நேத்து இதே ஸ்டூல்ல உக்காந்துகினு கேக்குது: “ஃபுல் ஃபிரேமு வெச்சிகீறியா விக்டோரியா? இல்லன்னா சொல்லிடு, மெட்ராஸ்லேர்ந்து ஆள வரவெச்சிக்கறோம்.” வஞ்சிரம் எது மாவுலாசி எதுன்னு கண்ண மூடிகினு சொல்லும் அந்தக்கா. அதுல குத்தமே சொல்ல மாட்டேன். ஆனா சென்சாரு? ரெண்டு போட்டோவ பக்கத்துல பக்கத்துல வெச்சி எது கிராப்பு, எது ஃபுல்லுன்னு கேளு, முழிக்கும்! எல்லாரும் முழிப்பாங்க. எடுக்கற படமெல்லாம் எங்கம்மா போவுது? வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கு. அதுக்கு சென்சாரு பெருசா வேணுமாம்.

சிரிக்காத கண்ணு. ஐடி கார்டுல சிரிச்சா உங்க கம்பெனி எச்ஆர் ஆபீசரு திருப்பி அனுப்பிடுவான்.

சரி, இருட்டுல ஃபுல் ஃபிரேமு சுத்தமா எடுக்கும். இல்லன்னு சொல்லல. பக்கத்துல நின்னாலும் நெறைய பேர அடக்கும். அதையும் இல்லன்னு சொல்லல. ஆனா எங்க பக்கத்துக் கல்யாணத்த நீ பாத்துகீறியா? மாதா கோயில்ல மோதிரம் மாத்தும்போது ஃபாதர் எங்கள ஆல்டர்கிட்டயே உட மாட்டாரு. மூணாவது பெஞ்சுலயே நில்லுன்னுடுவாரு. அங்கேர்ந்து அதே லென்ஸ ஃபுல் ஃபிரேமுல போட்டா மோதிரம் கொசு மாதிரி தெரியும். இதுல போட்டா வெரல்லாம் கிட்ட வந்துடும். அது யாருக்குத் தெரியுது? பெருசுன்னா ஒசத்தி! பெரிய போனு, பெரிய காரு, பெரிய பூமாலை... மாப்ள மூஞ்சியே தெரியாத மாதிரி ஒரு மாலை போடறாங்க பாரு இப்பல்லாம், அது தனிப் பேஜாரு.

எங்க ஊட்டுக்காரு இன்னா பண்ணாரு தெரிமா? போன வருசம் ஒரு ஃபுல் ஃபிரேம வாடகைக்கு எடுத்தாந்தாரு. பெருமையா தோள்ல மாட்டிகினு போனாரு, எம்மெல்லே மாதிரி. லென்ஸு மட்டும் நம்ம பழைய லென்ஸு. மாட்டி எடுத்தா நாலு மூலையும் கருப்பு! கெணத்துக்குள்ளேர்ந்து பொண்ணும் மாப்ளயும் எட்டிப் பாக்கறாப்ல. அது சின்ன சென்சாருக்குன்னு செஞ்ச லென்ஸாம். அப்ப லென்ஸும் புதுசா வாங்கணும். அதுக்கு ஏத்த பையும் வாங்கணும். பையத் தூக்க ஆளும் வாங்கணும்.

அந்த மனுசன் இப்ப இன்னா பண்ணப் போறாருன்னு கேளு. நம்மகிட்ட கீற ரெண்டு கேமராவையும் வித்துட்டு ஃபுல் ஃபிரேமு ஒண்ணு வாங்கப் போறாராம். மணவாள நகர்ல எவனோ எடுத்துக்கறேன்னு சொல்லிகீறானாம். சாயங்காலம் போயி குடுக்கணுமாம். ரெண்டையும்! ஒண்ணு அவரோடது. இன்னொண்ணு... இதான். என்னோடது.

இன்னா அப்டிப் பாக்கற? நானும்தான் எடுப்பேன். சும்மா கல்லாவுல குந்திகினு கீறேன்னு நெனச்சியா? பொண்ணு சேலை மாத்தற ரூமுக்குள்ள ஆம்பளைய உடுவாங்களா? அவரு கதவத் தட்டிகினு நிப்பாரு, நான் உள்ள பூந்துடுவேன். மேடையில தாலி ஏறும். அதே நேரம் ஷிப்டு முடிச்சி கம்பெனி பஸ்ஸுல யூனிபார்மோட மாப்ளகூட வேலை பாக்கற கூட்டம் வந்து எறங்கும். அடுத்த பஸ்ஸு புடிக்கணும்னு நேரா பந்திக்கு ஓடும். நாளைக்கி மாப்ள வேலைக்கிப் போனா, “எங்க லைன் ஆளுங்க ஒருத்தர்கூட ஆல்பத்துல இல்லியே”ன்னு அவனத்தான் கேப்பாங்க. அவரு மேடையில, நான் பந்தியில. ரெண்டு எடத்துல ரெண்டு கேமரா. இதாம்மா எங்க தொழிலே. ஒரே ஒரு கேமரா கீதுன்னு வை, அது அவரு கழுத்துல கீது. என் கழுத்துல? கல்லா சாவி.

இதே கோவிந்தம்மாக்கா மூத்த பொண்ணு கல்யாணத்துல பீரோ பின்னாடி அந்தக்கா ஒண்டிகினு அழுதுகினு இருந்துச்சி. யாரும் பாக்கல. நான் பாத்தேன். ஒரே ஒரு கிளிக்கு. அந்தப் படம்தான் இன்னிக்கி அவங்க ஹால்ல பெருசா தொங்குது. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுது. எதுல எடுத்தது? அரை கேமராவுல!

இரு, இரு, எழுந்துக்காத. கண்ண மூடிட்ட. இன்னொண்ணு எடுக்கறேன்.

இந்த அரை கேமரா பேச்ச யாரு கெளப்புனான்னு எங்க ஊட்டுக்காரு ஊரெல்லாம் விசாரிக்கறாரு. நானும் “ஆமாய்யா, எந்தப் பாவியோ”ன்னு கூடவே விசாரிச்சேன். எதிர்ல பாரு, பென்னி ஸ்டூடியோ. கலர் கலரா லைட்டு போட்டுகினு, ஐஸ்கிரீம் கடை கணக்கா. நேத்து மொளச்ச பையன். பிரேமா கல்யாணத்துக்கு கோவிந்தம்மாக்கா அங்க போயி வெல கேட்டுட்டு வெளிய வருது. எனக்கு வயிறு எரியுமா எரியாதா? நீயே சொல்லு. கூப்ட்டு உக்கார வெச்சி ஜூஸு குடுத்து ஒரு வார்த்த சொன்னேன். “அக்கா, பென்னிகிட்ட கீறது அரை கேமரா. ஃபுல் ஃபிரேமு கீதான்னு கேட்டுப் பாரு, திருதிருன்னு முழிப்பான்”னு. அவ்ளோதாம்மா சொன்னேன். எங்களுது இன்னான்னு அந்தக்காவும் கேக்கல, நானும் சொல்லல.

நேரா போயி கேட்டுகீது. அந்தப் பையனாவது கொஞ்சம் முழிச்சிருக்கக் கூடாது? “என்னுது கிராப்புதாங்க, சாம்சன் அண்ணன்கிட்ட கீறதும் இதே மாடல்தான்”னு உண்மையச் சொல்லிட்டான், துரோகி! ஒரு தொழில்காரன் பண்ற வேலையா இது? அப்புறம் அந்தக்கா வாய் சும்மா கீதா? மீன் மார்க்கெட்டு, சீட்டுக்காரங்க, ஜெராக்ஸ் கடை... சுத்தி சுத்தி என் காதுலயே வந்து உழுவுது.

தோ, வண்டி சத்தம். அவருதான்.

இன்னாய்யா, அதுக்குள்ள கேமரா பைய எடுத்துகினு வந்துட்ட? கஸ்டமரு கீது, தெரியல? ...குடுக்கறேன், குடுக்கறேன், கைய நீட்டாத... இன்னா? ...யாரு சொன்னா? பென்னியா? ...அவன் எதுக்கு உங்கிட்ட வந்து சொல்றான்? ...சரிய்யா, நான்தான் சொன்னேன். இப்ப இன்னா? நீ மட்டும் அவன் லைட்டப் பாத்து பொருமலியா? ...நானா? நான் எதுக்கு அந்தக்காகிட்ட பேசணும்? ...அந்தக்கா இதுலயே எடுக்கச் சொன்னா விக்க மாட்டியா? மெய்யாலுமே? ...ரெண்டையுமா?

கொஞ்சம் இரு கண்ணு. படம் வந்துடுச்சி, பிரிண்டு போட்டுத் தர்றேன். யோவ், அந்த போன எடு. ...இல்ல, கேமரா என் கழுத்துலயே கெடக்கட்டும், நீ போன எடு.

ஹலோ... அக்கா, விக்டோரியா பேசறேன். ...ஆங், துன்னாச்சி, துன்னாச்சி. அக்கா, அன்னிக்கி ஜூஸு குடிக்கும்போது பென்னியப் பத்தி ஒண்ணு சொன்னேன்ல... ஆமா, அந்த அரை கேமரா... ஆமாக்கா, வயித்தெரிச்சல்லதான் சொன்னேன். ...இல்லக்கா, இப்ப யாரும் சொல்லச் சொல்லல. ...அது நல்ல கேமராதான்க்கா, எங்களுதும் அதேதான். பென்னி நல்லாதான் எடுப்பான்.