சம்பந்தி வர்றதுக்குள்ள குளிரணும்

— ரிமோட்டுல தப்பே இல்லக்கா. சரியாத்தான் வெச்சிருக்கீங்க. காத்து வருது, குளிர்ச்சி வரலை. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா! என்ன தோங்டம், மெக்கானிக்குன்னு உன்னைக் கூப்பிட்டா இவ்வளவு சாவகாசமா சொல்றே? இன்னைக்கு என் பொண்ணு கல்யாணம்டா! மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனைக்கு வந்தாச்சு. மேளம் கேக்குதா இல்லையா உனக்கு?

— கேக்குதுக்கா, பதறாதீங்க. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க. ஃபில்டரைப் பாக்கறேன்.

— பதறாம எப்படி இருக்கறது? இந்த ஏசி நீ மாட்டினதுதானே? "வன்பென் அக்கா, இனிமே நீங்க என்னைக் கூப்பிடவே வேண்டியிருக்காது"ன்னு பல்லைக் காட்டிட்டுப் போனே. முழுசா ஒரு வருஷம் ஆகலை!

— ஃபில்டர் பளிச்சுனு இருக்கே. யாரு கழுவினது?

— நான்தான். சம்பந்தியம்மா இழுக்கற மூச்சுல ஒரு தூசு இருக்கக்கூடாதுன்னு பல்லு விளக்கற பிரஷ்ஷால தேய்ச்சேன்.

— கல்யாணப் பொண்ணைவிட சம்பந்தியைத்தான் பலமா கவனிக்கறீங்க போல.

— உனக்கென்ன, ஸ்டூல்ல ஏறி நின்னு பேசுவே. போன வருஷம் நிச்சயத்துக்கு வந்தப்ப இதே கூடத்துல, இதே வெயில்ல, மாப்பிள்ளையோட அம்மா பொத்துனு மயங்கி விழுந்தாங்க. எழுந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா? "இந்த வீட்டுக் காவல்சாமிக்கு எங்களைப் பிடிக்கலை." ஒரே பேச்சு. நிச்சயம் நின்னு போச்சு. என் பொண்ணு ரின் ஒரு வருஷமா தட்டுல சோத்தை அளைஞ்சுக்கிட்டுத்தான் இருந்தா. அந்தப் பையன் விடாம நடையா நடந்து, அவங்க அம்மா மனசைக் கரைச்சு, இன்னைக்குக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வர்றான். இன்னைக்கும் அந்தம்மா விழுந்தாங்கன்னா அதோட முடிஞ்சுது!

— அதுக்குத்தான் ஏசியா?

— பின்னே? எனக்கென்ன குளிரா கேக்குது? எனக்கு ஒரு விசிறி போதும்.

— எப்ப நின்னுச்சு இது?

— நேத்து சாயங்காலம். சம்பந்தியம்மா நேத்து வந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னால காவல்சாமிகிட்ட உத்தரவு கேக்கணும்னு, படையலுக்கு ஊதுவத்தி, சிவப்பு சோடா, பூவெல்லாம் எடுத்துக்கிட்டு. ரொம்ப நேரம் பின்பக்கம், காவல்சாமியோட குட்டி வீட்டு முன்னால தனியாவே கும்பிட்டாங்க. நானும் தொந்தரவு பண்ணலை. அவங்க கார் தெருவைத் தாண்டியிருக்காது, இது காத்தை மட்டும் ஊத ஆரம்பிச்சிடுச்சு. சொல்லு தோங்டம், சாமிக்கு நெஜமாவே அவங்களைப் பிடிக்கலையோ?

— சாமி கோவம் எனக்குத் தெரியாதுக்கா. மெஷின் காரணமில்லாம கோவிக்காது, அது தெரியும். வாங்க, வெளியில இருக்கற பொட்டியைப் பாப்போம்.

— பின்வாசல் வழியா வா. பாத்து, வாழைக்கன்னை மிதிக்காதே! தியாப்! அடி தியாப்! வாசல்ல மாப்பிள்ளையை மறிச்சு சங்கிலி புடிக்கறது யாரு? உன் புருஷனா? அவன் லேசுல விட்டுடுவானே! முதல் சங்கிலியிலயே மாப்பிள்ளையை நிறுத்து! ஆடச் சொல்லு, பாடச் சொல்லு, தண்டால் எடுக்கச் சொல்லு! எனக்கு நேரம் வேணும்!

— அக்கா, இங்க வாங்க. ஃபேன் சுத்துது, கம்ப்ரசர் வாயையே திறக்கலை. மூடியைக் கழட்டித் தொட்டேன்… அம்மாடி! விரல் வெந்துடுச்சு!

— ஐயோ, செத்துப்போச்சா?

— சாகலை. மயக்கம். சூடு எல்லை மீறினா தானா நின்னுக்கும், இல்லேன்னா எரிஞ்சு போயிடும்ல. ஆறினா எழுந்துக்கும். உங்க சம்பந்தி மாதிரிதான்.

— வாயிலயே போடுவேன்!

— ஏன் இவ்வளவு சூடாச்சுன்னுதான் புரியலை. முதல்ல கரண்டை நிறுத்தறேன்… அக்கா, இது என்ன? பொட்டி முன்னாடி தங்கக் காகிதமெல்லாம் ஒட்டி, செவ்வந்தி மாலை தொங்குது?

— அதுவா? கல்யாண அலங்காரம். என் தங்கச்சி தியாப் பண்ணியிருப்பா. அழகா இல்ல?

— காகிதத்துக்குப் பின்னாடி பலகை இருக்குக்கா! முழுப் பலகை! காத்து வெளிய வர்ற வாயை மொத்தமா அடைச்சு, கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு. அது விட்ட அனலை அதுவே திரும்ப இழுத்து… பாவம், அப்புறம் மயங்காம என்ன பண்ணும்?

— பலகையா? தியாப்! பின்னால பலகை வெச்சியா நீ? இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு! அவ இல்லையாம். அவ என்னை நினைச்சாளாம். நான் அவளை நினைச்சேன். அப்ப எந்தப் படுபாவி பண்ணின வேலை இது?

— தொழில் தெரிஞ்சவங்க இல்லக்கா. கம்பியை முறுக்கத் தெரியாம எங்கெங்கயோ சுத்தியிருக்காங்க. ஆனா பூவைப் பாத்துப் பாத்துக் கட்டியிருக்காங்க.

— பக்கத்து வீட்டு புவாசிதான்! தன் தம்பி மகனுக்கு ரின்னைக் கேட்டா, நான் குடுக்கலை. பூ வெச்சு மறைச்சு பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கப் பாத்திருக்கா! அவளோ எவளோ, வெச்சவ யாருன்னு மட்டும் தெரியட்டும். இதே பலகையால முதுகுல நாலு போடலை, என் பேரு வன்பென் இல்லை!

— அப்புறமா போடுங்க. பலகையை அவுத்தாச்சு, இப்ப ஐஸ் வேணும். இருக்கா?

— விருந்துக்கு வாங்கின ஐஸ் ரெண்டு பொட்டி நிறைய இருக்கு.

— கொண்டு வாங்க. துணியில கட்டி இது தலைமேல வெக்கணும். தானா ஆறட்டும்னு விட்டா உங்க விருந்தே முடிஞ்சிடும்.

— இந்தா, இந்தா! சோடாவை எல்லாரும் சூடாவே குடிக்கட்டும்! தியாப், என்னது? வெள்ளிச் சங்கிலியைத் தாண்டிட்டாங்களா? தங்கச் சங்கிலியுமா? அடக் கடவுளே, மூணாவது சங்கிலி இல்லையே! துணி காயப்போடற கயித்தை அவுத்துப் புடிங்கடி! நாய்ச் சங்கிலியும் இருக்கு, அதையும் புடி! எங்க வம்சத்துல நாலு சங்கிலின்னு சொல்லு!

— அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? ஊர்வலத்தை நீங்க வாசல்லயே நிறுத்தறீங்க. சம்பந்தியம்மாவும் அங்கதானே நிக்கறாங்க?

— ஆமா.

— வெயில்லயா?

— ஐயையோ! ஐயையோ! தியாப், குடை! குடை புடி அவங்களுக்கு! விசிறு! இளநி குடு! முகம் எப்படி இருக்கு? செவந்திருக்கா? வேர்த்திருக்கா? தோங்டம், உள்ள விட்டா புழுக்கத்துல விழுவாங்க, வெளிய நிறுத்தினா வெயில்ல விழுவாங்க. நான் என்னடா பண்ணுவேன்!

— அந்தத் துணியைக் குடுங்க. ஐஸ் உருகி வழியுது பாருங்க, சூடு இறங்குது. இப்ப கை வெக்க முடியுது. துடைச்சு மூடியைப் போட்டுட்டா…

— சீக்கிரம்! ஊர்வலத்துல ஹோய் ஹியூன்னு கத்தறது காதுகிட்ட கேக்குது!

— கரண்டு போட்டாச்சு. போட்ட உடனே எழுந்துக்காது, கொஞ்சம் யோசிக்கும்.

— இது வேற யோசிக்கணுமா? எழுந்திருடா என் ராசா. உனக்கும் மாலை வாங்கிப் போடறேன். எழுந்திரு.

— உஷ்.

— என்ன?

— ஃபேன் வந்துடுச்சு… கம்ப்ரசர்… பேசாதீங்க… வந்தாச்சுக்கா! கேக்குதா அந்த உறுமல்? குழாயைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு!

— சில்லுனு இருக்குடா! சில்லுனு இருக்கு! தோங்டம், அங்க பாரு, காவல்சாமி வீட்டைப் பாரு! மாலை ஆடுது! இவ்வளவு நேரம் ஒரு இலை அசையலை, இப்ப ஆடுது! சாமி தலையாட்டிட்டாருடா! உத்தரவு குடுத்துட்டாரு!

— அது வந்துக்கா… பொட்டியிலேர்ந்து வர்ற காத்து…

— வாயை மூடு. சாமிதான். தியாப்! கயித்தை விடு! நாயையும் கட்டிப்போடு! மாப்பிள்ளையை உள்ள விடுங்கடி!

— பலகையை எங்க வெக்கட்டும்?

— கையிலயே வெச்சிரு. புவாசியும் விருந்துக்கு வருவா. வா உள்ள, சன்னலைச் சாத்து… வாங்க சம்பந்தி, வாங்க வாங்க! வெயில்ல நிக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கணும். எங்க வழக்கம் அப்படி, நாலு சங்கிலி. இப்படி உக்காருங்க, நேரா காத்துக்குக் கீழ. தலை கிலை சுத்துதா?

— நாய்ச் சங்கிலி புடிச்ச கல்யாணத்தை இப்பத்தான் பாக்கறேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறுதான் வலிக்குது. அப்பாடி… என்ன சுகம்! வன்பென், நெஜமாவே வீடு சில்லுனு இருக்கே!

— இருக்கா? குளிர்ச்சி போதுமா? இன்னும் கூட்டட்டுமா?

— போதும், போதும். எனக்கு வாசப்படி ஏறற வரைக்கும் ஒரே பயம். இந்தத் தடவையும் விழுந்துடுவேனோ, பிள்ளைங்க ரெண்டு பேர் வாழ்க்கையும் என்னால போயிடுமோன்னு. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. இப்ப மனசு நிறைஞ்சு போச்சு. ரின்னைக் கூப்பிடுங்க, என் மருமகளைப் பாக்கணும்.

— மருமகள்னு சொல்லிட்டீங்களே! வாயில சர்க்கரை போடணும் உங்களுக்கு! தோங்டம், கேட்டியாடா? ஏன் அங்க மரம் மாதிரி நிக்கறே?

— பலகையை எங்க வெக்கட்டும்னு கேட்டேன்க்கா. கனக்குது.

— அட, அது நான் வெச்ச பலகைதானே? அதை ஏன்ப்பா எடுத்தீங்க? நேத்து கும்பிடறப்ப பாத்தேன் சம்பந்தி, அந்த மெஷின் உங்க சாமி முகத்துலயே அனலை ஊதிக்கிட்டு இருந்துச்சு. அதான் கை கீறக் கீற கம்பி சுத்தி, பூவும் போட்டு மறைச்சுட்டுப் போனேன், இந்தத் தடவையாவது அவருக்கு என்னைப் பிடிக்கணுமேன்னு.