அழிந்த பாதி, அழியாத பாதி

ரேணிகுண்டா ரயிலில் புத்தூரில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை.

"நேத்து என் போன்ல பாதிய ஆபீஸ்ல அழிச்சிட்டாங்க அக்கா," என்றாள் இளையவள்.

"பாதியா? ஏன்?"

"மார்க்கெட்ல தொலைச்சிட்டேன். சொந்த போன்தான், ஆனா கம்பெனி டிராயிங் எல்லாம் அதுலதான், ஆபீசுக்குன்னு தனியா பிரிச்சு வெச்ச பக்கத்துல இருந்துச்சு. யார் கைக்காவது போனா வேலையே போயிடும்னு அழுதுகினே ஆபீசுக்குச் சொன்னேன். ஆபீஸ் பக்கத்த மட்டும் இங்கேர்ந்தே அழிச்சிடறோம், பயப்படாதேன்னாங்க."

"போன் கெடைச்சுதா?"

"சாயந்திரம் என் நம்பருக்கு அடிச்சா ஒரு பூக்காரம்மா எடுத்துச்சு. போய் வாங்கிகினு வந்தேன். ஆபீஸ் மெயில், டிராயிங் ஒண்ணும் இல்ல. எங்க நைனா வீடியோ அப்படியே இருக்குது. அவரு கண்ண மூடறதுக்கு முன்ன எடுத்தது. வேற எங்கயும் காப்பி கெடையாது."

"நான் இத நம்பாம ஆபீசுக்கு ஒண்ணு, சொந்தத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு போன் தூக்கிகினு திரியறேன்," என்றாள் மூத்தவள். "எங்க, காட்டு."

போனிலிருந்து அவள் அப்பாவின் குரல் அதட்டியது. "மொதல்ல அந்த போன கீழ வெச்சிட்டு சோறு துன்னு."

இருவரும் சிரித்தார்கள். இளையவள் அதை மறுபடியும் போட்டாள்.