அடியில் கிடந்த சீட்டு

தேநீருக்கு நன்றி, ஐயா. கேட்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குப் பொய் சொல்ல வராது, நாக்கு குழறிவிடும்.

பிரார்த்தனைக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. ஜனங்கள் வேண்டுதல்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். வாரக் கடைசியில் அவற்றை நான் பிரிக்காமல் எரிக்க வேண்டும். பதினெட்டு வருடம் அப்படித்தான் எரித்தேன். பிறகு கலவரம் வந்தது, தெருவுக்குத் தெரு ராணுவம் வந்தது, கூடத்தில் ஆள் குறைந்தது. எனக்கும் கடவுள்மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. காலி செய்துவிட்டுப் போனவர் வீட்டைத் தினமும் துடைப்பதுபோல் இருந்தது. மனது தாங்காமல் ஒருநாள் சீட்டுகளைப் பிரித்தேன்.

பாவம், சின்னச் சின்ன ஆசைகள். டீச்சரம்மா தொலைத்த மூக்குக்கண்ணாடியை பெஞ்சுக்கடியில் தேடியெடுத்து அவர் வாசலில் வைத்தேன். நான் குறட்டை விடக் கூடாதென்று என் மனைவியே எழுதியிருந்தாள். அன்றிலிருந்து சமையலறையில் படுத்தேன். கூடம் மறுபடி நிரம்பியது.

"கடவுள் கண்ணைத் தொறந்துட்டாருப்பா" என்றார் தையல்காரர். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்த வாரப் பெட்டியில் அவருடைய சீட்டும் இருந்தது. எதிர்க்கடை சலூன்காரன் தொலைய வேண்டுமாம். அதற்கு மேலேயே சலூன்காரரின் சீட்டு: 'அடிபட்ட மாணவர்கள் இரண்டு பேரைக் கடையின் பின்னறையில் வைத்திருக்கிறேன். ராணுவத்தின் கண்ணில் படாமல் காப்பாற்று.'

கடவுள் படும் பாடு அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இருவரும் நல்லவர்கள், இருவரும் தவறாமல் வருகிறவர்கள். யோசித்து யோசித்துத் தலைவலியே வந்துவிட்டது. கடைசியில், முதலில் போட்டவருக்கு முதலில் என்று முடிவு செய்தேன். அடியில் கிடந்தது தையல்காரர் சீட்டு. வேறு நியாயமான வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள். ராணுவ முகாமுக்கு நானே ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். மறுநாள் மதியத்துக்குள் மூன்று பேரையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள்.

சலூன்காரர் மனைவி கூடத்துக்கு வந்தாள். "யாருண்ணே எங்களைக் காட்டிக் குடுத்தது?"

"கடவுளுக்குத்தாம்மா தெரியும்" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், நிஜமாகவே.

அன்றோடு எனக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது. முகாமுக்கு எழுதிய கை என்னுடையதுதான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் கடவுள் இருக்கிறார், ஐயா. இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்த மூன்று பேரையும் கொன்றது நான் என்று ஆகிவிடுமே.