ஓரத் தகரம்

— பிரிக்காத சுப்பையா, சொன்னாக் கேளு. நேத்துத்தான் அழகா முடிச்சிட்டுப் போன. அங்க பாரு, கொடிமலையே தெரியல. அம்புட்டு மேகம்.

— அதப் பாத்துத்தான் ஓடி வந்தேன், வடிவக்கா. ஏணிய மட்டும் கொஞ்சம் அழுத்திப் புடிங்க, வழுக்குது.

— புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். முருகா, நல்லா இருக்குற கூரையில போயிக் கைய வெக்கிறியே. கீழ எம் பொண்ணு குணவதி பச்சப்புள்ளையோட படுத்திருக்கா. புள்ளைக்கு நெஞ்செல்லாம் சளி. ஈரக்காத்தே படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தான் நின்ன.

— நின்னேன்க்கா. அதனாலதான் சொல்றேன், இந்தக் கூரை நல்லா இல்ல. பாக்கத்தான் நல்லா இருக்கு.

— என்னய்யா சொல்ற?

— ஓரத் தகரத்தத் தப்பா அடிச்சிட்டேன்.

— எது, விளிம்புல மடிச்சு விட்டிருக்கியே, அதா?

— அதேதான். பலகைக்கு மேல தார்க்காயிதம். காயிதத்துக்கு மேல இந்தத் தார் ஓடு. காத்து மழைன்னா ஓட்டுக்கு அடியில கொஞ்சம் தண்ணி போகத்தான் செய்யும். அது காயிதத்து மேலயே வழிஞ்சு, தகரத்துல எறங்கி, வெளிய சொட்டணும். அப்ப தகரம் காயிதத்துக்கு அடியில இருக்கணுமா இல்லையா? நான் மேல வச்சு அடிச்சிருக்கேன். வர்ற தண்ணி தகரத்துக்குக் கீழ பூந்து, நேரா சுவத்துக்குள்ள எறங்கிரும்.

— எந்தச் சுவத்துல?

— தொட்டில் கிட்ட இருக்குற சுவருதான்.

— முருகா. நீ கை தேர்ந்தவன்னு ஊரே சொல்லுது, ஒனக்கா இது தெரியல?

— கை தேர்ந்ததுதான்க்கா வெனை. இம்புட்டு நாளும் தகரக் கூரையே அடிச்ச கை. அதுல விளிம்பு கடைசியாத்தான் வரும், எல்லாத்துக்கும் மேல. இந்த அமெரிக்கா ஓட்டுல பக்கவாட்டு ஓரத்துக்கு அப்படித்தான். தண்ணி சொட்டுற ஓரத்துக்கு மட்டும் தலகீழ். நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கை அடிச்சு முடிச்சிருச்சு.

— அப்ப நேத்தே சொல்றதுக்கு என்ன?

— நேத்துத் தெரியலக்கா. இன்னிக்கு மத்தியானம் எம் வீட்டுக்காரி ருக்குமணி துணிப்பொட்டிய மிச்சத் தார்க்காயிதத்துல சுத்திக்கிட்டு இருந்தா. 'மேல் மடிப்பு கீழ் மடிப்புக்கு உள்ள போயிருச்சு, தண்ணி பூந்துரும்'னு சொல்லி எல்லாத்தையும் பிரிச்சா. அப்பத்தான் இந்த ஓரத் தகரம் நெனப்புக்கு வந்துச்சு. சோத்த அப்படியே வச்சிட்டு எந்திரிச்சேன்.

— பொட்டிய எதுக்குய்யா சுத்துறா?

— வீடு மாத்துறோம்க்கா. அந்த ஆணி பிடுங்குற கம்பிய எடுத்துக் குடுங்க.

— இந்தா. நான் குணவதிய வேணா பின்கட்டுக்கு மாத்திரட்டுமா?

— அங்க பழைய அத்தாப்பு ஓலைக் கூரை. ஒரு தூத்தலுக்கே சட்டி பானை வச்சிட்டு உக்காந்திருப்பீங்க. வேணாம், அவங்க அங்கயே இருக்கட்டும். மணி என்னக்கா இருக்கும்?

— மூணு தாண்டியிருக்கும். ஏன் மணியவே கேட்டுக்கிட்டு இருக்க? கண்ட்ராக்டரு ரசாக் பாய் வந்துருவாருன்னு பயமா?

— பயம்னு இல்ல.

— இல்லாம என்ன. ரப்பர் வெல விழுந்ததுலேர்ந்து ஊருல பாதிப் பேருக்கு வேல இல்ல. வேல இல்லாதவங்களக் கப்பல் ஏத்தித் திரும்ப நாகப்பட்டினத்துக்கே அனுப்புறாங்களாம். இப்பப் போயி 'நான் தப்பா அடிச்சிட்டேன்'னு நீயே பிரிச்சிக் காட்டுனா அந்த மனுசன் ஒன்ன விடுவாரா? பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாம்ல. மழை பெஞ்சாத்தான் தெரியும், அப்பயும் யாரு தப்புன்னு யாரு கண்டா.

— நான் கண்டேனேக்கா.

— எங்க வீட்டுக்காக எதுக்குய்யா இம்புட்டுப் பாடு?

— ருக்குமணி காச்சல்ல கெடந்தப்ப தெனம் கஞ்சி குடுத்து விட்டீங்க. அதுக்காக வந்தேன்னு சொல்ல மாட்டேன். கஞ்சி குடுக்காத வீடா இருந்தாலும் வந்திருக்கணும். ஆனா புள்ள இருமுற சத்தம் காதுலயே இருந்துச்சு பாருங்க, அதான் நடந்து வராம ஓடி வந்தேன்.

— அது கெடக்கட்டும். இன்னும் எம்புட்டு இருக்கு?

— பாதி ஓரம் மாத்தியாச்சு. காலையில அடிச்ச வெயில்ல ஓடு எளகி இருக்கு, கிழியாமத் தூக்க வருது. இல்லன்னா ஒண்ணும் நடந்திருக்காது. தகரத்த உள்ள விட்டுக் காயிதத்த மேல இழுத்து மூடிட்டா, அப்புறம் எந்த மழையும் வரட்டும்.

— சொட்டு விழுது சுப்பையா. எம் மேல விழுந்திருச்சு.

— தெரியுது. ஏணிய விட்றாதீங்க.

— காத்து வேற. எறங்குய்யா, நீ விழுந்து கிழுந்து தொலைச்சா நான் ருக்குமணிக்கு என்ன பதில் சொல்லுவேன்? ஒரு சாக்கப் போட்டு மூடிட்டு எறங்கு.

— சாக்கு நனைஞ்சா அந்தத் தண்ணியும் உள்ளதான் வரும். கடைசித் தகரம்க்கா. பேச்சுக் குடுக்காதீங்க.

— நான் வாய மூடிக்கிட்டேன். ஆனா இத மட்டும் கேளு, தெரு முனையில சைக்கிள்ல வர்றது ரசாக் பாய் மாதிரி இருக்கு.

— இன்னும் நாலு ஆணி இருக்கு.

— அவரேதான். நீ ஒண்ணும் பேசாத, நான் பேசிக்கிறேன். வாங்க பாய். அவன ஒண்ணும் சொல்லாதீங்க. தகரத்த மாத்தச் சொல்லி நான்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். பொய் சொன்னா அந்த முருகன் என்னையக் கேக்கட்டும். இதுக்காக அவன வேலைய விட்டு எடுத்துறாதீங்க.

— வேலையா? என்கிட்ட ஏதும்மா வேல, நேத்தோட இவனையும் நிப்பாட்டியாச்சு லா. சுப்பையா, டேய், படகுத் துறையில ருக்குமணி மூட்டைய வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கிது. ஊருக்குப் போற கப்பலுக்கு ஆள் ஏத்திட்டுப் போற கடைசித் தொங்கான் படகு கெளம்பப் போவுது, நீ இங்க கூரையில உக்காந்துக்கிட்டு என்னடா பண்ற?